பின் சீட்டு

"பின்னால இருந்து வந்ததுக்கே இவ்வளவு சந்தோசப் புழுகமோ, தங்கச்சி?" சைக்கிள் குழுவுக்குப் புதிதாக வந்த நிசாந்தன் நக்கலடித்தான்.

இருவர் மிதிக்கும் சைக்கிளிலிருந்து இறங்கிய லோஜினி, பேர்காம்ஸ்டெட் கோட்டைச் சுவரைத் தடவிப் பூரித்தாள். "லண்டன் ரெய்னர்ஸ் லேனில இருந்து கால்வாய்க் கரைச் சரளையில நாப்பது கிலோமீற்றர்! நானும்தான் மிதிச்சனான்."

"சும்மா காலை வச்சுக்கொண்டு இருந்திருப்பாய்."

"இல்லையடா," மூச்சிரைக்கச் சொன்னான் முன் சீட்டிலிருந்து இறங்கிய அவள் அண்ணன் பிரியந்தன். "கடைசி மேட்டில எனக்குக் கால் பிடிச்சிட்டுது. இவள்தான் தனிய ஏத்தினவள்."

"அப்ப திரும்பிப் போகேக்க முன்னுக்கு இருந்து ஓட்டு, பாப்பம்!" நிசாந்தன் அவளை விடவில்லை.

லோஜினி சிரித்துக்கொண்டே பையிலிருந்து மடித்த வெள்ளைப் பிரம்பை எடுத்து விரித்து, நிலத்தைத் தட்டி வழி பார்த்தாள். நிசாந்தன் சட்டென்று ஒதுங்கி வழிவிட்டான்.

"பாதை பாத்தது அண்ணை. மேடு ஏத்தினது நான். அப்ப சைக்கிள் ஓட்டினது ஆர், நீங்களே சொல்லுங்கோ பாப்பம்?"