எந்தப் பக்கத்து இடது

பட்டறைக்குள் வெயில் சாய்ந்துவிட்டது. வாடகைக் காரின் டாஷ்போர்டில் பிரேக் எச்சரிக்கை விளக்கு மட்டும் அணையாமல் எரிகிறது. எதிரிலுள்ள வாகனத் தகுதிச் சோதனை நிலையத்தின் இரும்புக் கதவைக் காவலாளி பாதி இழுத்துவிட்டார். இன்று சான்றிதழ் கிடைக்காவிட்டால் நாளை முதல் இந்த வண்டி ஓட முடியாது. சக்கரத்தின் வேகத்தை உணரும் சென்சாரை மாற்றிய மெக்கானிக், ஓட்டுநரின் மைத்துனன், வண்டியைப் பார்த்தபடி முன்னால் குந்தியிருக்கிறான். “இடது சக்கரம்னுதானே ஸ்கேனர் காட்டுச்சு?” என்கிறார் ஓட்டுநர். “அதைத்தான் மாத்தியிருக்கேன் மாமா.” இருக்கையில் அமர்ந்தபடியே அவர் தமது இடக்கையை உயர்த்துகிறார். அவன் தன் இடக்கையைப் பார்க்கிறான். அது மறுபக்கத்தில் இருக்கிறது. “நல்லவேளை மாப்ள, நீ டாக்டருக்குப் படிக்கல.” இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. துருவேறிய துளையிலிருந்து நெம்பியபோது உடைந்த, வலது சக்கரத்தின் நல்ல சென்சார், அவன் காலடியில் இரு துண்டுகளாகக் கிடக்கிறது. அவற்றை எடுத்து, ஒட்டிக்கொண்டுவிடும் என்பதுபோல, ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கிறான். எதிரே கதவின் மறுபாதி இழுபடும் ஓசை கேட்கிறது.