வினோலியாவின் பக்கம்

சுகிர்தாவும் அவள் தங்கை வினோலியாவும் சேர்ந்து நடத்திய மணப்பெண் அலங்காரக் கடை அன்றைக்குத்தான் உடைந்தது, கண்ணுகளா. கூகுளில் ஊரே தேடுவது தங்கையின் பெயரை. அக்காவுக்கு அதுதான் ஆறாத எரிச்சல். கடையின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ளும் அன்வரைக் கூப்பிட்டு, “இவ பக்கத்தைத் தட்டுறவங்க எல்லாரும் நேரா என் பக்கத்துக்கு வரணும். டைட்டில் டேக்ல, அதான் கூகுள்ல தெரியுற தலைப்புல, இவ பேரே இருக்கக் கூடாது” என்றாள். தங்கை எதிரிலேயே நின்று தன் பிரஷ்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அன்வர் டேக்கை மாற்றினான். பிறகு தயங்கி, “திருப்பிவிடுறது தற்காலிகமாவா, நிரந்தரமாவாக்கா? தற்காலிகம்னா கூகுள் பழைய பக்கத்தை ஞாபகம் வச்சிருக்கும். நிரந்தரம்னா போகப்போக மறந்துடும்” என்றான். சுகிர்தா திரையைவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “இவ்வளவு நேரம் கத்துன வாய் எங்கக்கா போச்சு?” என்ற வினோலியா, குனிந்து அன்வரின் கணினியில் தானே ‘நிரந்தரம்’ என்பதை அழுத்தினாள். செல்போனில் தன் பெயரைத் தேடி, வந்த பக்கத்தைத் தட்டினாள். அக்காவின் பக்கம் திறந்து, படத்தில் அவள் முகம் சிரித்துக்கொண்டு வந்தது. போனை அக்காவின் மூக்குக்கு நேரே நீட்டினாள். “இனிமே என்னைத் தேடி வர்ற பொண்ணுங்களுக்கெல்லாம் நீதான் பதில் சொல்லணும்.” பையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனாள். கடைப் போன் அடித்தது. சுகிர்தா எடுத்தாள். “வினோலியாக்கா இருக்காங்களா?” என்று ஒரு கல்யாணப் பெண் ஆசையாகக் கேட்டாள். வாசலில் தங்கை இன்னும் செருப்புதான் மாட்டிக்கொண்டிருந்தாள், கண்ணுகளா.