வால்வு வரும்வரை

"வைத்தி அண்ணா, ஜாக்கிதான் வந்தாச்சே. இன்னும் ஏன் தூக்கலை?"

பாய்லருக்கு அடியிலிருந்து பட்டாபிராமன் கேட்டான். கிதிர்பூர் பட்டறைக்கு 1908-இல் வந்த புது பாய்லர் அது. உள்ளே நகர்த்தும்போது உருளைக்கட்டை நழுவி, அவனுடைய இரண்டு தொடைகளின் மீதும் உட்கார்ந்துவிட்டது. இடுப்புக்கு மேலே ஒரு கீறல்கூட இல்லை.

டாக்டர் கங்குலி குனிந்து பார்த்துவிட்டு, ஃபோர்மன் வைத்தீஸ்வரனைத் தனியே அழைத்துப் போய் ஏதோ சொன்னார்.

திரும்பி வந்த வைத்தீஸ்வரன், பட்டாபியின் தலைமாட்டில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"ஜாக்கியோட வால்வு போயிடுத்துடா. வேற வால்வுக்கு ஹௌராவுக்கு ஆள் போயிருக்கான். ஆத்துலேர்ந்து காமுவை அழைச்சுண்டு வர இன்னொருத்தனை அனுப்பியிருக்கேன். ஆஸ்பத்திரிக்குக் கூட ஒருத்தர் வேணுமோல்லியோ?"

பட்டாபி ஜாக்கியையே கொஞ்ச நேரம் பார்த்தான். "சரி அண்ணா" என்றான்.

பெஹாலா வீட்டிலிருந்து குதிரை வண்டியில் வந்து இறங்கிய அவன் மனைவி காமு, ஆட்களை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள். கையில் இட்லி மாவு காயக்கூட இல்லை.

"இத்தனை பேர் சும்மா நிக்கறேளே! தூக்கப்படாதா?"

"அழாதே காமு" என்றான் பட்டாபி. "ஜாக்கிக்குள்ளே ஒருவழி வால்வுன்னு ஒண்ணு இருக்கு. அடிக்கிற எண்ணெயை உள்ளே விடும், திரும்பி வர விடாது. அது சரியில்லேன்னா, பாதி தூக்கினதும் பாய்லர் மறுபடி என் மேலேயே இறங்கிடும். நல்ல வால்வு வரட்டும்."

"ரொம்ப வலிக்கறதா?"

"இல்லை. மரத்துப் போச்சு. குழந்தை எங்கே?"

"ஜெயா பக்கத்தாத்து மாஷிமாகிட்ட தூங்கறா."

காமு அவன் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"மாயவரத்துலேர்ந்து உன் அண்ணாவை வரவழைச்சுடு. நான் எழுந்து நடக்க நாளாகும். அதுவரைக்கும் ஒத்தாசையா இருப்பார்."

"சரி."

"ஜெயாவைப் படிக்க வைக்கணும், காமு."

"நீங்களே கையைப் பிடிச்சு அழைச்சுண்டு போய்ச் சேர்த்து விடுங்கோ."

பட்டாபி சிரித்தான். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவன் உதடுகள் வெளுத்துக்கொண்டே வந்ததை டாக்டர் பார்த்தார், வைத்தீஸ்வரனுக்குத் தலையசைத்தார்.

"வால்வு வந்துடுத்தும்மா." வைத்தீஸ்வரன் எழுந்தார். "நீ வண்டியிலே போய் உக்காரு. தூக்கினதும் நேரே ஆஸ்பத்திரிதான்."

அவன் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டு, காமு வெளியே போனாள். அவள் போய் மறையும்வரை பட்டாபி பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வைத்தீஸ்வரனின் கையைப் பிடித்தான்.

"இந்த ஜாக்கியை நேத்திக்குப் பிரிச்சுப் பூட்டினது நான்தான் அண்ணா. வால்வு நன்னாத்தான் இருக்கு. பாய்லர் அழுத்திண்டிருக்கறதாலதான் ரத்தம் அடங்கியிருக்கு, அது நகர்ந்தா நான் ரெண்டு நிமிஷம்கூடத் தாங்க மாட்டேன்னு டாக்டர் சொல்லியிருப்பார். அவ வந்து சேர்ற வரைக்கும் நிறுத்தி வெச்சேளே, அது போறும். இப்போ தூக்கச் சொல்லுங்கோ."