பன்னிரண்டடி ஆசிரியர்

உலகத்திலேயே தலைசிறந்த மொழி ஆசிரியர் கொல்லிமலைக் காளியண்ணன்தான் என்று நான் சொல்லவில்லை. செம்மேடு பஸ் நிலையத்தில் பன்னிரண்டடி ஃபிளெக்ஸ் சொன்னது. அந்த ஃபிளெக்ஸை வைத்தவனும், வாசகம் எழுதியவனும், படத்தில் சிரித்துக்கொண்டு நிற்பவனும் நானே என்பது வேறு விஷயம்.

விருது இன்னும் கைக்கு வரவில்லை. அதைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று பார்க்கத்தான் கொரியாக்காரர் கிம் சென்னையிலிருந்து காரில் கிளம்பி, எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, என் வீட்டு வாசலில் முகம் வெளிறி இறங்கிக்கொண்டிருந்தார்.

அந்த வளைவுகளில் ரிட்டையர் ஆகும்வரை பஸ் ஓட்டியவன் நான். கண்ணை மூடிக்கொண்டே ஓட்டுவேன்; பயணிகளும் மூடிக்கொள்வார்கள். அதே பஸ்ஸில் கண்டக்டராக விசில் ஊதிய அருணாசலம், இப்போது என் பக்கத்து நாற்காலியில் பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தான். உறவுக்காரர் அல்லாத சாட்சி ஒருவர் வேண்டும் என்று கிம் கேட்டிருந்தார். பாடம் நடந்த ஆறு மாதமும் கூடவே உட்கார்ந்திருந்தவன் இந்தப் பாவி ஒருவன்தான்.

"ஏப்பா டிரைவரு, நீயெல்லாம் வாத்தியாரா? பத்தாவதுல தமிழ்ப் பரீட்சையிலயே கோட்டை உட்டவன் நீ" என்றான். "நான் இருக்கறத இருக்கறபடிதான் சொல்லுவேன். விருது வரலீன்னா அந்த ஃபிளெக்ஸக் களட்டி, என்ற ஆட்டுக்கொட்டாய்க்குக் கூரையாப் போட்டுருவேன். பேயற மழை பூராவும் உன்ற மூஞ்சி மேலதான்."

நடந்தது இதுதான். சூஜின் என்கிற கொரியப் பெண் எங்கள் ஊரில் அறை எடுத்துத் தங்க வந்தாள். வந்த வாரமே என் வாசலில் நின்று, ஊர்ப் பிள்ளைகள் தாத்தா முறையில் என்னைக் கூப்பிடுவதைக் கேட்டோ என்னவோ, "அப்புச்சி, தினமும் ஒரு மணி நேரம் என்கூடப் பேசுவீங்களா?" என்றாள். தமிழ் படிக்கத் துடிக்கிறாள் என்று எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

தமிழ் அவளுக்கு ஏற்கெனவே தெரியும், சென்னையில் வளர்ந்தவள். நல்ல ஆசிரியருக்கு அது எவ்வளவு பெரிய வசதி! ஏதோ ஆசிரியர் படிப்பு வேறு படிக்கிறாளாம். நான் கற்பிக்கும் அழகைக் கவனிக்கத்தான் மலையேறி வந்திருக்கிறாள் என்று, அதையும் நானே புரிந்துகொண்டேன்.

கொடியைக் காட்டி "மிளகு" என்பேன். அவள் தன் பாஷையில் ஒன்று சொல்வாள். அதை நான் திருப்பிச் சொன்னால்தான் அடுத்ததற்கு நகர்வாள். சின்னப் பெண் மனசு நோகக் கூடாதே என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் சுளுக்கிக்கொள்ளும். ஆனால் என் பாடம் என்றால் மலையே அடங்கிக் கேட்கும். வேலிமேல் உட்கார்ந்து கேட்ட குரங்குகளில் ஒன்று, உயிரெழுத்துவரை வந்துவிட்டது.

போன மாதம் ஒருநாள் குதித்துக்கொண்டு வந்தாள். "அப்புச்சி, நம்ம ரெண்டு பேருக்கும் விருது கேட்டு எழுதியிருக்கேன்! வேற்று மொழி சொல்லித்தர்ற நல்ல ஆசிரியர், நல்ல மாணவர், ரெண்டு பேருக்கும் தருவாங்க."

அன்றே நாமக்கல்லுக்குப் பஸ் ஏறிவிட்டேன். "தமிழகத்தின் சிறந்த ஆசிரியர்னு போடட்டுங்களா?" என்றான் ஃபிளெக்ஸ் கடைக்காரன்.

"உலகம்னே போடு கண்ணு, எடந்தான் இருக்குதே" என்றேன்.

கிம் வந்து சூஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தமிழ் அவருக்கும் கொஞ்சம் வந்தது. "விண்ணப்பம் படித்தேன். நம்ப முடியவில்லை. நேரில் பார்க்க வேண்டும்" என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தார். உள்ளே என் மனைவி ராசம்மாள் காப்பி ஆற்றும் சத்தம் கேட்டது. கிம் சூஜின் பக்கம் குனிந்து மெல்ல ஏதோ சொன்னார்.

"ராசம்மா, காப்பி வேண்டாம்!" என்று உள்ளே குரல் கொடுத்தேன். "இவருக்குச் சின்ன வயசுலருந்தே பால் சேராதாம். சுடுதண்ணியில தேன் ஊத்திக் கொண்டா!"

கிம் நாற்காலியில் நிமிர்ந்தார். சூஜின் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அருணாசலத்தின் மடியிலிருந்த பலாக்கொட்டையெல்லாம் தரையில் உருண்டது.

"ஏப்பா, அவருக்குப் பால் சேராதுன்னு உனக்கு ஆரு சொன்னது?"

"அவருதானப்பா இப்பச் சொன்னாரு! உன்ற காதுல விசிலை வெச்சு அடைச்சிருக்கியா?"

"காதுல நல்லாத்தான் உளுந்துச்சு" என்றான் அருணாசலம். "அவரு பேசுனது கொரியா பாஷையாச்சே, எனக்கு ஒரு எளவும் புரியலியே."

சுடச்சுடப் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வரவிருந்த பதில் எனக்கே அவ்வளவாகப் பிடிக்கவில்லை, குனிந்து பலாக்கொட்டை பொறுக்க ஆரம்பித்தேன்.

கிம் அவன் பக்கம் திரும்பினார். "நீங்கள்தானே சாட்சி? சொல்லுங்கள். ஆறு மாதமும் பாடம் நடந்தது உண்மையா?"

அருணாசலம் சூஜினைப் பார்த்தான். என்னை ஏற இறங்கப் பார்த்தான். மெல்ல எழுந்து நின்றான்.

"நடந்துச்சுங்க சாமி. இந்தப் புள்ளதான் வாத்திச்சி, படிச்சது இந்தக் கெழவன்!"