பூட்டும் பிளம்ஸ் கேக்கும்

"இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள நீ அவளைக் கூப்பிட்டுத் திட்டியாகணும். இல்லேன்னா நாளையிலேருந்து அவ வர வேண்டாம்" என்றாள் விப்கே.

ஹென்னிங் கையிலிருந்த மீன் ரொட்டியைக் கடிக்காமலே திரும்பப் பொட்டலத்தில் வைத்தார். விப்கே வயதில் அவரைவிட ரொம்பச் சிறியவள். ஆனால் ஹூசும் ஊரில் அந்த எலக்ட்ரிகல் கம்பெனி அவளுடையது. முதலாளி முதல் கொத்தனார் வரை அங்கே எல்லாரும் எல்லாரையும் 'நீ' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். வேலை நடக்கிற இடத்து வழக்கம் அது.

திட்டு வாங்க வேண்டியவள் ரோஸ்வித்தா, ஹென்னிங்கிடம் தொழில் பழகும் அப்ரண்டிஸ். வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்று பார்ப்பதற்கான நாலு மாதக் கெடு இன்றோடு முடிகிறது.

நேற்று நடந்தது சின்ன விஷயமில்லை. ஒரு பழைய வீட்டுச் சமையலறையில் வயரிங்கை மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஃபியூஸ் பெட்டியில் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது; யாரும் திரும்பப் போட்டுவிடாதபடி அதற்கு ஒரு பூட்டும் மாட்ட வேண்டும். இந்தத் தொழிலில் முதல் நாளே மனப்பாடம் செய்ய வைக்கிற பாடம். ரோஸ்வித்தா அணைத்ததோடு சரி. பூட்டு கருவிப் பையிலேயே கிடந்தது. கலவை மெஷின் ஓடவில்லையே என்று பெட்டியைப் பார்க்கப் போன கொத்தனார், அணைந்திருந்த எல்லாச் சுவிட்சையும் திரும்பப் போட்டுவிட்டார். டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் ஹென்னிங் எந்தக் கம்பியையும் தொடமாட்டார். அதனால் உயிர் பிழைத்தார்.

தப்பு செய்தவர் மறுநாள் எல்லாருக்கும் கேக் கொண்டுவர வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். காலையிலேயே பிளம்ஸ் கேக் வந்துவிட்டது, அளவுகோல் வைத்து வெட்டியது போல ஒரே அளவுத் துண்டுகளாக. விப்கேயும் இரண்டு துண்டு தின்றாள். தின்றாளே தவிர மசியவில்லை.

"கேக் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா உன் சாவுக்கும் கேக் தின்ன நான் தயாரா இல்ல. அவ கெட்டிக்காரிதான், நான் மறுக்கல. அவளைக் கண்டிக்க உனக்குத் தைரியம் இல்லேன்னா, நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா வேலை பார்க்கிறதே ஆபத்து."

சுருக்கென்று தைத்தது. பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்திய காலத்தில் ஒரு வகுப்பையே ஒரு கனைப்பில் அடக்கியவர் ஹென்னிங். சாக்பீஸை வைத்துவிட்டு ஸ்குரூடிரைவரை எடுத்த பிறகு இரண்டு பையன்களைப் பழக்கி ஆளாக்கியும் விட்டார். அவர்களிடம் சத்தம் போட ஒருநாளும் தயங்கியதில்லை. ரோஸ்வித்தாவிடம் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

இவர் வருவதற்கு முன்பே வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்க்கிற அப்ரண்டிஸ் அது. தாமதத்துக்கு, வழியில் டிராக்டர் மறித்துவிட்டது என்று இவர்தான் முணுமுணுக்க வேண்டியிருந்தது. ஃபியூஸ் பெட்டியில் இவர் ஒட்டுகிற சீட்டில் எழுத்துப் பிழை இருந்தால் பென்சிலால் திருத்தம் விழும். அந்தக் காலடிச் சத்தம் கேட்டாலே ஸ்டூலிலிருந்து எழுந்து சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொள்வார். ஊரே 'நீ' சொல்கிற இடத்தில் இவர் மட்டும் அந்த அப்ரண்டிஸிடம் 'நீங்க' என்று குழைவதைப் பார்த்து விப்கேவுக்குச் சிரிப்புத் தாங்காது.

போகட்டுமே, தொல்லை விட்டது என்று ஒரு கணம் தோன்றியது. உடனே வெட்கமாகவும் இருந்தது. ரோஸ்வித்தாவுக்கு நல்ல கை. வயரை உரித்தால் உள்ளே ஒரு கீறல் விழாது. அப்படிப்பட்ட கை தன் கோழைத்தனத்தால் வீட்டுக்குப் போவதை அவரால் பொறுக்க முடியவில்லை.

வேன் கண்ணாடியில் தன் முகத்தைத் தானே இரண்டு தடவை திட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு விறுவிறுவென்று சமையலறைக்குப் போனார். விப்கே பின்னாலேயே வந்து வாசலில் நின்றுகொண்டாள்.

"ரோஸ்வித்தா, ஏணியை விட்டு இறங்கு."

'இறங்கு' என்று தன் வாயிலிருந்து வந்தது அவருக்கே நம்ப முடியவில்லை. நின்றால் பயம் வந்துவிடும் என்று மேலே போனார்.

"நேத்து உன் பையில சும்மா கிடந்தது பூட்டு இல்ல, என் உயிரு. கேக் கொண்டுவந்துட்டா சரியாப் போச்சா? இன்னொரு தடவை பூட்டாம விட்டா, விப்கே வரைக்கும் போகாது, நானே உன்னை அனுப்பிடுவேன். இப்பப் போய்ப் பூட்டு. சாவியை உன் பாக்கெட்ல போடு. அப்புறம் எதுக்குப் பூட்டினேன்னு எங்கிட்ட வந்து சொல்லு."

காலி அறையில் குரல் கணீரென்று எதிரொலித்தது. ரோஸ்வித்தாவின் முகம் சிவந்தது. ஃபியூஸ் பெட்டியில் பூட்டு விழுகிற சத்தம் கேட்டது. சாவி பாக்கெட்டுக்குள் போனது. திரும்பி வந்து, எதற்குப் பூட்டினேன் என்ற ஒப்புவிப்பும் ஒரு வார்த்தை பிசகாமல் நடந்தது.

"நாளைக்கும் வா" என்று ரோஸ்வித்தாவிடம் சொல்லிவிட்டு, ஹென்னிங்கைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுப் போனாள் விப்கே.

இருவரும் தனியாக நின்றார்கள். ரோஸ்வித்தாவிடமிருந்து லேசாக ஒரு கனைப்பு வந்தது. ஹென்னிங்கின் கை தானாகப் போய்ச் சட்டையின் மேல் பொத்தானைத் தேடியது.

"பதினேழு வருஷம் என் பள்ளிக்கூடத்துல வேலை பார்த்தீங்க, ஹென்னிங். இந்தக் குரலோட ஒருநாள் என் அறைக்குள்ள வந்திருந்தீங்கன்னா, நீங்க கேட்டுக்கிட்டே இருந்த அந்த லேபை அன்னைக்கே கட்டிக் குடுத்திருப்பேனே" என்றார் அவருடைய பழைய தலைமையாசிரியை, நரைமுடியில் படிந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டபடி.