போன் இருக்க டேப்லெட் எதுக்கு?

அத்தனை பெரிய போன் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருக்கும்போது, தனசேகர் எதற்காக டேப்லெட் இருக்கும் பக்கம் போய் நின்றார் என்று கோகிலவாணிக்கு விளங்கவில்லை. அவர்கள் சேலத்துக்கு வந்தது மிக்ஸி வாங்க.

கடைப் பெண் இருப்பதிலேயே சின்னதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். கோகிலவாணி கணவரின் போனை உருவி அதன்மேல் வைத்துப் பார்த்தாள். சுற்றிலும் ஒரு விரல் அகலம் கூடுதல், அவ்வளவுதான். சிம்கூடப் போட முடியாதாம்.

"மணியடிக்காத போனை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க? உங்க போன்லயே எல்லாந் தெரியுது. வேண்டாமுங்க."

அவர் அதைக் கடைப் பெண்ணிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

தனசேகர் சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறார். லோடு விஷயம் தவிர மற்றதில் வாயைத் திறக்காத மனுஷர். மகன் அன்பரசு, காது கேட்காத, வாய் பேச வராத வெண்ணிலாவைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்றபோது, வீட்டில் யாருக்கும் முகம் கொடுக்காமல் திரிந்தவர் அவர்தான்.

முன்னால் நின்று நடத்தியது கோகிலவாணி. அவ எனக்கு மருமக இல்லை, மக என்று மண்டபத்தில் அவள் சொன்னதைக் கேட்டு உறவுக்காரப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இப்போதும் எந்த விசேஷத்துக்குப் போனாலும் அவளுக்கு அந்தப் பேச்சு வந்துவிடும். தாலி கட்டும்போது கல்லு மாதிரி நின்ற மாமனாரைப் பற்றிய பேச்சும் கூடவே வரும்.

பிள்ளைகள் பெங்களூரில் இருக்கிறார்கள். அன்பரசுவிடம் கோகிலவாணி தினமும் போனில் பேசுவாள். வெண்ணிலா சாப்பிட்டாளா என்று கேட்க மறக்கமாட்டாள்.

அடுத்த மாதம் ஒரு நாள் திருச்செங்கோட்டில் ஒரு வளைகாப்பு. அது முடிந்து வருகிற வழியில், சாப்பாட்டுப் பையோடு புக்கிங் ஆபீசில் இறங்கினாள்.

கணக்குப் பார்க்கும் சுப்பையன் அவளைக் கண்டதும் பதறி எழுந்தார். தனசேகரின் போன் அவர் மேஜைமேல் கிடந்து அடித்துக்கொண்டிருந்தது. முதலாளி மாடியில் இருக்கிறார், தினம் மத்தியானம் கொஞ்ச நேரம் போய்விடுவார், யாரையும் மேலே விட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் என்று இழுத்து இழுத்துச் சொன்னார்.

குளிக்கப் போனாலும் போனைக் கையோடு கொண்டு போகிறவர் அதை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். கோகிலவாணி பையைக் கீழேயே வைத்துவிட்டுப் படியேறினாள்.

கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளேயிருந்து அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலமாயிற்று. அவள் இடுக்கு வழியாகப் பார்த்தாள். தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்த டேப்லெட். அதில் வளையல் போட்ட ஒரு பெண்ணின் கை. அவர் அதைப் பார்த்து இரண்டு கைகளாலும் என்னென்னவோ ஜாடை காட்டிக்கொண்டிருந்தார்.

அவள் கதவைத் தள்ளிவிட்டு உள்ளே போனாள்.

திரையில் இருந்தது வெண்ணிலா.

கோகிலவாணி பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

தனசேகர், திருடி அகப்பட்டவர் மாதிரி தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார். பேச வராத பிள்ளையோடு ஒரே வீட்டில் எப்படிப் புழங்குவது என்ற பயம்தான் அன்றைக்கு அவரை அப்படி நிற்க வைத்ததாம். பொங்கலுக்குப் பிள்ளைகள் வந்திருந்தபோது, பந்தியில் எல்லாரும் ஏதோ சொல்லிச் சிரிக்க, வெண்ணிலா ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுக் கடைசியில் தானும் சிரித்தாளாம்.

"அதுக்கப்புறம் எனக்குச் சோறு எறங்கல, கோகிலா."

கைப்பேச்சு சொல்லிக் கொடு சாமி என்று அவளுக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறார். போனில்தான் ஆரம்பித்தார்கள். நடுநடுவே லோடுக்காரர்கள் கூப்பிட்டுக் கெடுத்தார்கள். விரல் மடிப்புகளும் அவர் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. அதனால்தான் அப்புறம் தனியாகப் போய் இதை வாங்கி வந்தாராம். இதில் அந்தத் தொல்லை இல்லை, அந்த ஒரு விரல் அகலமே எனக்குப் போதும் என்றார்.

திரையில் வெண்ணிலா எழுந்து நின்று கும்பிட்டாள். கோகிலவாணியும் கும்பிட்டாள். அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. டேப்லெட்டுக்குப் பக்கத்தில் குனிந்து, "நல்லா இருக்கியா சாமி?" என்று உரக்கக் கேட்டாள்.

வெண்ணிலா மாமனாரைப் பார்த்தாள். அவர் அதைக் கையால் சொன்னார். அவள் மலர்ந்து தலையாட்டினாள்.

தனசேகருக்கு உற்சாகம் வந்துவிட்டது. காது கேட்காதவர்கள் ஆட்களுக்கு ஜாடையிலேயே பெயர் வைப்பார்கள் என்றார். மீசையை முறுக்குவது போல் இரண்டு விரலால் காட்டினால் அது அவராம். கன்னத்தில் ஒரு விரலை வைத்து அழுத்தினால், குழி விழுகிற அன்பரசுவாம்.

கோகிலவாணிக்கும் ஆசை வந்தது. "எனக்கு என்னங்க பேரு? கேளுங்க."

அவர் கேட்டார். வெண்ணிலாவின் முகத்தில் சிரிப்பு மெல்லக் குறைந்தது. கொஞ்சம் தயங்கிவிட்டு, விரல்களை அசைத்தாள்.

தனசேகர் மனைவியின் பக்கம் திரும்பவில்லை.

"சொல்லுங்க."

"இன்னும் வெக்கலையாம், கோகிலா. பேசிப் பழகுனாத்தான் பேர் வரும், அத்தை எங்கூட இன்னும் பேசவே இல்லைங்களே மாமான்னு கேக்கறா."