பிரசவ அறைக்கு ஒரு குழாய்

பன்னிரண்டு மணிக்கு எங்கள் வட்டார வளர்ச்சித் திட்டத்தை, பணம் தரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு அனுப்பிவிடுவார்கள். இப்போது மணி பதினொன்று நாற்பது.

நூற்று நாற்பது பக்கத்தையும் இரண்டு தடவை புரட்டிவிட்டேன். சாலை இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, கோழிப் பண்ணைகூட இருக்கிறது. எங்கள் சுகாதார நிலையத்தின் பிரசவ அறைக்கு ஒரு தண்ணீர்க் குழாய் இல்லை.

“அது சுகாதாரத்துல வரும் சிஸ்டர்” என்றார் தண்ணீர் இன்ஜினியர்.

தண்ணீர் என்றாலே அது இன்ஜினியரின் தலைவலி என்றார் சுகாதார அதிகாரி.

அடப்பாவிகளா! எல்லாத் துறையும் ஒன்றாக உட்கார்ந்து போட்ட திட்டமாம். ஒன்றாக உட்கார்ந்து நன்றாக டீ குடித்திருக்கிறார்கள்.

போன மாதம் மட்டும் இரண்டு பேர், பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் காய்ச்சலில் போய்விட்டார்கள். இரண்டு பேருக்கும் பிரசவம் பார்த்தது, சரியாகக் கழுவத் தண்ணீர் இல்லாத இந்தக் கைதான்.

அதை எப்படி இவர்களிடம் சொல்வேன்? “ஒரு குழாய் சார், ஒரே ஒரு குழாய்” என்று திட்ட அதிகாரியிடம் கெஞ்சினேன்.

நல்ல மனுஷர். எரிந்து விழவில்லை. கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார்.

போன வருடக் கணக்கெடுப்புப் படிவம். ‘பிரசவ அறையில் தண்ணீர்: இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு.’ கீழே என் கையெழுத்து, என் முத்திரை.

வேறென்ன செய்வேன்? தண்ணீர் இல்லாத பிரசவ அறைகளை மூடச் சொல்லி அப்போதுதான் உத்தரவு வந்திருந்தது. அடுத்த ஆஸ்பத்திரிக்குப் படகில் நாலு மணி நேரம். இரண்டாவது பிரசவம் என்றால் பாதி வழியிலேயே பிள்ளை பிறந்துவிடும்.

“உண்மையைச் சொல்லுங்க சிஸ்டர். தண்ணி இல்லைன்னா குழாயை இப்பவே திட்டத்துல சேர்த்துடறேன். ஆனா குழாய் வர்ற வரைக்கும் அறையை மூடித்தான் ஆகணும்.”

“எப்ப சார் வரும்?”

“ரெண்டு வருஷம் ஆகும்.”

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பாழாய்ப்போன கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது.

“தண்ணி இருக்கு சார்” என்றேன்.

வெளியே வந்து எங்கள் நிலையத்து ஆயாவுக்கு ஃபோன் போட்டேன். வலி எடுத்த பெண் ஒருத்தி வந்து படுத்திருக்கிறாளாம், தலைப்பிரசவம்.

குளத்துக்கு ஆள் அனுப்பு, நான் வந்து சேரும்வரை தண்ணீரைக் கொதிக்கவிடு, அடுப்பை மட்டும் அணைத்துவிடாதே என்றேன்.